ஓட்டுச் சில்லு சொன்ன சரித்திரம்

புதையல் என்ற சொல்லுக்கு நம் ஜனங்களிடத்தில் ஒரு தனி மயக்கம் உண்டு. பூதம் காக்கும் புதையல், கிரகண இரவில் மேலே எழும் புதையல், மை போட்டுப் பார்த்தால் தெரியும் புதையல் என்று பாட்டிமார் சொல்லும் கதைகளைக் கேளாமல் வளர்ந்த குழந்தை தமிழ் நாட்டில் இராது. அந்தக் கதைகளிலெல்லாம் பூமிக்குள் இருப்பது பொன்தான். இடையில் ஒரு பானை வருவதும் அந்தப் பொன்னை வைப்பதற்காகவே. பொன்னை வாரிக்கொண்டு பானையை உடைத்து எறிவதோடு கதை முடிந்துவிடும்.

சோழமண்டலக் கரையின் உண்மைச் சரித்திரத்தில் இந்தக் கதை தலைகீழாக நடந்திருக்கிறது. அங்கே பொன் பெரும்பாலும் மௌனம் சாதித்தது. உடைந்த பானைதான் வாய் திறந்து பேசிற்று. அது எப்படி என்பதை நம் வீடுகளில் உள்ளோர் தெரிந்துகொள்வது இன்று மிகவும் அவசியம். ஏனெனில், மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டிக் கொடுக்கும் கருவிகள் இப்போது கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு புறப்படும் வாலிபர்களுக்கும், வீட்டுக்குக் கடைகால் வெட்டும்போது ஏதோ ஒன்று தட்டுப்படக் காணும் குடும்பஸ்தர்களுக்கும் எழும் கேள்வி ஒன்றே: “இது என்ன?” அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும், பொருள் அகப்பட்ட முதல் நாழிகையில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

உப்பளக் கரையில் ஒரு பழம் பட்டினம்

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையாகப் புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்வோர், முக்கால் வழி கடந்ததும் மரக்காணத்தை அடைகிறார்கள். பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்கள், வெயிலில் கண் கூசும்படி வெளுத்த உப்புக் குவியல்கள், கழுவெளியின் ஆழமற்ற நீர்ப்பரப்பு, பக்கிங்ஹாம் கால்வாய், அதற்கு அப்பால் மணல்மேடு, அதற்கும் அப்பால் கடல்—இவ்வளவுதான் வழிப்போக்கர் கண்ணில் படுவது. ஊருக்குள் பூமீசுவரர் ஆலயத்தில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன என்பது கூடப் பலருக்குத் தெரியாது.

கி. பி. முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு கிரேக்க மாலுமி, செங்கடலிலிருந்து இந்தியாவுக்கு வரும் கடல்வழியை விவரித்து ஒரு நூல் எழுதி வைத்தான். ‘பெரிப்ளூஸ்’ என்று அதைச் சொல்வார்கள். நம் கீழைக் கரையில் அவன் மூன்று துறைமுகங்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறான்: கமரா, பொதுகே, சோபட்மா. இவற்றுள் ‘சோபட்மா’ என்பது ‘சோப்பட்டினம்’ என்பதன் திரிபென்று ஆராய்ச்சியாளர் கொண்டனர். ‘சோ’ என்றால் மதில். ‘எயில்’ என்றாலும் மதில். ஆகவே சோப்பட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றே. எயிற்பட்டினமோ, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் புகழும் சிறுபாணாற்றுப்படையில் வரும் கடற்கரை ஊர். அதுவே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலருடைய அபிப்பிராயம்.

பார்க்க அழகாக இருக்கும் முடிவுதான். ஆனால் இது சொல்லிலிருந்து சொல்லுக்குத் தாவிக் கண்ட முடிவு. இதற்கு மண்ணின் சாட்சியமும் வேண்டும் அல்லவா? தமிழ் நாட்டுத் தொல்லியல் துறை 2005-06-ஆம் ஆண்டில் மரக்காணத்தில் அகழ்வு நடத்தியது அந்தச் சாட்சியத்தைத் தேடித்தான். இத்தகைய ஊர்களில் அகழ்வோர் முதலில் தேடுவது பொன்னையும் வெள்ளியையும் அல்ல, ஓட்டுச் சில்லுகளை. காரணம், மரக்காணத்துக்குத் தெற்கே சுமார் 20 மைல் தூரத்தில் நடந்த ஒரு சம்பவம். அதைச் சொல்வதற்கு முன், இன்று எல்லோரும் பேசும் அந்தக் கருவியைப் பற்றிச் சிறிது பார்ப்போம்.

பொன் தேடும் கோல்

இந்தக் கருவியின் சரித்திரம் ஒரு நோயாளியின் படுக்கையருகே ஆரம்பிக்கிறது. 1881-ஆம் வருஷத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டைச் சுட்ட குண்டு அவர் உடம்பினுள் எங்கே தங்கியிருக்கிறதென்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல், உலோகம் அருகில் வந்தால் சப்தமிடும் ஒரு சாதனத்தை அமைத்துக்கொண்டு வந்து தேடினார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்கு அடியிலிருந்த எஃகுச் சுருள்களும் அவரை ஏமாற்றிவிட்டன என்று பின்னர் சொல்லப்பட்டது. இரண்டாவது உலக மகா யுத்தத்தில், கொஸாட்ஸ்கி என்னும் போலிஷ் அதிகாரி, பூமியில் புதைத்த கண்ணிவெடிகளைக் கண்டறிய, ஒருவர் கையில் ஏந்திச் செல்லக்கூடிய கருவியை அமைத்தார். 1942-இல் எல் அலமீன் போர்க்களத்தில் அது பயன்பட்டது. யுத்தம் ஓய்ந்த பிறகு அக்கருவியின் வம்சத்தைச் சேர்ந்தவை பொழுதுபோக்குச் சாமான்களாகிவிட்டன.

கோலின் நுனியில் ஒரு வளையம். அதனுள் கம்பிச் சுருள். சுருளில் மின்சாரம் திசை மாறி மாறி ஓடும்போது, அதைச் சுற்றியுள்ள காந்தப் புலமும் மாறிக்கொண்டே இருக்கும். கீழே உலோகத் துண்டு ஏதேனும் இருந்தால், அதில் ஒரு சிறு மின்னோட்டம் சுழன்று எழும். அந்தச் சுழற்சி உண்டாக்கும் காந்தப் புலத்தை வளையம் உணர்ந்து காதுக்குச் சப்தமாகத் தெரிவிக்கும். மந்திரமும் இல்லை, மையும் இல்லை. சாதாரணக் கருவி ஒன்று, ஒரு தனிக் காசைச் சாண் ஆழத்துக்கு மேல் அறிவது அரிது.

உப்பளக் கரையில் இதற்கு இன்னொரு சங்கடமும் உண்டு. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே உவர்நீரில் ஊறிய சேறு, தானே ஓர் உலோகம் போலக் கருவியிடம் பேசத் தொடங்கிவிடும். பெல்லை எஃகுச் சுருள் ஏமாற்றியது போல, இங்கே உப்பு ஏமாற்றும்.

ஆனால் இவையெல்லாம் சிறு குறைகள். பெருங்குறை வேறொன்று: இந்தக் கருவி உலோகத்துக்கு மட்டுமே தலையசைக்கும். மண்பாண்டம், கண்ணாடி மணி, செங்கல், எலும்பு, எழுத்துப் பொறித்த கல் ஆகிய எதையும் அது கண்டுகொள்ளாது. நம் கரையின் சரித்திரத்தையோ, அந்தப் பொருள்கள்தான் எழுதி வைத்திருக்கின்றன.

அரிக்கமேட்டு வழக்கு

புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில் அரிக்கமேடு இருக்கிறது. அங்கே மண்ணிலிருந்து பெரிய பெரிய பழஞ் செங்கற்களை ஊர் ஜனங்கள் பெயர்த்துச் செல்வதை 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரர் கவனித்து எழுதியிருக்கிறார்கள். எனினும் அது என்ன இடம் என்று இருநூறு வருஷம் எவரும் அறியவில்லை.

1937-இல் ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர், கிராமத்துச் சிறுவர்கள் அங்கே பொறுக்கிய மணிகளை விலைக்கு வாங்கினார். அவர் கைக்கு வந்தவற்றுள் ஒரு மனிதனுடைய தலை செதுக்கிய ரத்தினக்கல் ஒன்று இருந்தது. அது ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் உருவம் என்று அவர் அடையாளம் கண்டார். உற்சாகம் மிகுந்து, அரிக்கமேடு ஒரு ரோமாபுரிப் பட்டணமே என்றும் சொன்னார்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்தக் கல் எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது? சொல்வார் இல்லை. ரத்தினம் கெடாத பொருள்; பாட்டனிடமிருந்து பேரனுக்குப் போகும்; ஐம்பது வருஷம் மோதிரத்தில் இருந்துவிட்டுப் பிறகு மண்ணில் விழலாம். அது தன் அழகுக்குத் தானே சாட்சி. ஊரின் வயதுக்கு அது சாட்சி சொல்ல இயலாது.

சாட்சி வேறொரு மூலையிலிருந்து வந்தது. 1944-இல் இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைவராகப் பதவி ஏற்ற ஸர் மார்ட்டிமர் வீலர், சென்னை மியூஸியத்துக்கு வந்தார். அங்கே ஓர் அலமாரியில், அரிக்கமேட்டிலிருந்து முன்னரே அனுப்பப்பட்ட ஓட்டுத் துண்டுகளிடையே, மத்தியதரைக் கடல் நாடுகளில் மது நிரப்பி அனுப்பும் இருபிடி ஜாடியின் துண்டு ஒன்றைக் கண்டார். உடனே புதுச்சேரிக்கு விரைந்தார். அங்கே பொது நூல்நிலையத்தில் வைத்திருந்த சேகரிப்பில், பளபளக்கும் சிவப்பு மெருகுள்ள ஓட்டுச் சில்லுகள் சில இருந்தன. அவை இத்தாலியில் அரெட்ஸோ நகரத்துப் பெயரால் வழங்கும் பாண்டங்களின் துண்டுகள். ரோமர் பாளையங்களில் நடந்த ஆராய்ச்சிகளால், அப்பாண்டங்கள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது ஏறக்குறையத் திட்டமாகத் தெரிந்திருந்தது. கி. பி. முதல் நூற்றாண்டின் நடுவோடு அந்தத் தொழில் ஓய்ந்துவிட்டது.

1945-இல் வீலரும், இந்திய அறிஞர்களான அ. கோஷும் கிருஷ்ண தேவரும் அரிக்கமேட்டில் முறைப்படி அகழ்ந்தார்கள். படுகை படுகையாக மண்ணை எடுத்து, எந்தப் பொருள் எந்தப் படுகையில் கிடந்தது என்று குறித்துக்கொண்டே போனார்கள். சிவப்புச் சில்லு கிடந்த படுகை இன்ன காலத்தது; அதன் கீழே உள்ளவை அதற்கு முந்தியவை; மேலே உள்ளவை பிந்தியவை. அதே படுகையில் கிடந்த நம் நாட்டு மண்பாண்டங்களுக்கும் அதனால் காலம் கிடைத்தது. அந்தப் பாண்டங்கள் தென்னாட்டில் வேறெங்கே அகப்பட்டாலும், அங்கேயும் காலம் சொல்ல வழி பிறந்தது. சில சில்லுகளில் இத்தாலியக் குயவர்களின் முத்திரைகளும் இருந்தன. வேறு சிலவற்றில் தமிழ் எழுத்தின் ஆதி வடிவமான பிராமியில் பெயர்கள் கீறப்பட்டிருந்தன.

தேதி தெரியாமல் மயங்கிக் கிடந்த தென்னிந்தியச் சரித்திரத்துக்கு ஒரு நாள்காட்டி கிடைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது. அதைக் கொடுத்தது காசுக்கு உதவாத ஓடு. அந்த மேட்டின்மேல் உலோகக் கருவியை ஆட்டிக்கொண்டு ஒருவர் நூறு முறை நடந்திருந்தாலும், அந்த ஓடு ஒரு சப்தமும் எழுப்பியிராது.

நிபுணருக்கும் திருத்தம் உண்டு

நம் தேசாபிமானிகள் இந்த வழக்கில் இன்னொரு விஷயத்தையும் அறிய வேண்டும். அரிக்கமேட்டில் ஒருவகை நேர்த்தியான தட்டுகளின் துண்டுகள் ஏராளமாய்க் கிடைத்தன. தட்டின் உட்புறத்தில் வட்ட வட்டமாய், சிறு பற்சக்கரத்தை உருட்டியது போன்ற கோலம் இருக்கும். இவ்வளவு நயமான வேலை மேல்நாட்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று வீலர் கருதினார். அவ்வூரையே ‘இந்திய-ரோம வியாபார ஸ்தலம்’ என்று அழைத்தார்.

பிற்காலத்து அறிஞர்கள் அந்தத் தட்டுகளின் மண்ணைப் பரிசோதித்தார்கள். மண் இந்திய மண். தட்டும் இந்தியக் குயவர் செய்தது என்பது தெளிவாயிற்று. இலங்கையிலும், இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் கூட அத்தட்டுகள் கிடைத்திருக்கின்றன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் நடத்திய அகழ்வும் ஆராய்ச்சியும், ரோமக் கப்பல்கள் வருவதற்கு முன்பே அந்த ஊர் தழைத்திருந்தது என்பதைக் காட்டின. ரோமர் வந்து நம் கரையில் ஒரு பட்டணத்தைப் படைக்கவில்லை. முன்பே இருந்த நம்மவர் பட்டணத்துக்கு அவர்கள் சரக்கு வாங்க வந்தார்கள்.

பெரிய நிபுணரின் கூற்றையும் திருத்த முடிந்தது ஏன்? ஓடுகளைப் பத்திரப்படுத்தி, ஒவ்வொன்றும் கிடந்த இடத்தை எழுதி வைத்திருந்தபடியால்தான். ஓட்டையே எறிந்திருந்தால், முதலில் சொன்னதே வேதவாக்காக நின்றிருக்கும்.

நம்மவர் கைப்பொருள் பிற நாட்டு மண்ணில்

அயல் நாட்டார் பொருள் நம் மண்ணில் கிடப்பது போல, நம்மவர் பொருளும் அயல் மண்ணில் கிடக்கிறது. தாய்லாந்தின் தென்பகுதியில் குவான் லுக் பத் என்ற ஓர் இடம் உண்டு. அந்தப் பெயருக்கே மணிமேடு என்றுதான் பொருள். அங்கே சிறிய நீள்சதுரக் கல் ஒன்று கிடைத்தது. வெறும் பார்வைக்குக் கருங்கல் துண்டு. அதன்மேல் பழந்தமிழ் எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லனுடைய கல் என்பது அதன் பொருள். பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல் அது! எழுத்தின் வடிவத்தைக் கொண்டு கி. பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டினது என்கிறார்கள். பொன் எங்கேயோ போய்விட்டது. அதை உரைத்த கல்லும், உரைத்தவன் பெயரும் நமக்கு மிஞ்சியிருக்கின்றன.

எகிப்து தேசத்துச் செங்கடல் கரையில் குஸேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த ஒரு ஜாடியின் ஓட்டில் ‘பானை ஒறி’ என்று தமிழ்ப் பிராமியில் எழுதியிருந்தது. ஒறி என்பது நம் வீட்டு உறிதான் என்று ஐராவதம் மகாதேவன் விளக்கினார். கடல் கடந்து போன எந்தத் தமிழனோ தன் பானையில் எழுதி வைத்த இரண்டு சொற்கள், இரண்டாயிரம் வருஷம் கழித்து அவனுக்காகச் சாட்சி சொல்லுகின்றன.

உருக்கின பொன்னும் உருக்காத மிளகுச் சிமிழும்

பொன்னும் வெள்ளியும் பேசவே மாட்டா என்று நான் சொல்ல வரவில்லை. அவையும் பேசும், பேச விட வேண்டும். இரண்டு சம்பவங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

1786-இல், நம் கரையின் வடபால் நெல்லூருக்கு அருகில், ஒரு குடியானவன் உழுதுகொண்டிருந்தபோது கொழு செங்கல்லில் சிக்கிக்கொண்டது. தோண்டிப் பார்த்தால் இடிந்த சிறு கோயிலின் அடையாளம். அதனுள் ஒரு பானை. பானை நிறைய ரோமச் சக்கரவர்த்திகளின் பொற்காசுகள். அவன் அவற்றைப் பழம்பொன் விலைக்கு விற்றான். பல காசுகள் உலையில் உருகின. நவாபின் குமாரர் அமீருல் உமரா தலையிட்டு மீட்டவை முப்பதுக்குச் சற்று அதிகம். கோயில் யாருடையது, பானை எந்தக் காலத்தது, அயல் நாட்டுப் பொன் அங்கே வந்து தங்கிய காரணம் யாது—எல்லாம் உலைக்களப் புகையோடு போயின. அந்தக் குடியானவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்குத் தெரிந்த விலை பொன்னின் விலை ஒன்றே. வேறு விலை உண்டென்று அவனுக்குச் சொல்வார் இருக்கவில்லை.

1992-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், இங்கிலாந்தில் ஹாக்ஸ்ன் என்ற கிராமத்தில் ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் காணாமற் போயிற்று. அவருடைய நண்பர் உலோகக் கருவியோடு தேடப் போனார். சுத்தியலுக்கு முன் வெள்ளிக் கரண்டிகளும் பொன் நகைகளும் காசுகளும் வந்தன. சிறிது தோண்டியதும் அவர்கள் ஒரு பெரிய காரியம் செய்தார்கள்: தோண்டுவதை நிறுத்திவிட்டு, அதிகாரிகளுக்குத் தெரிவித்தார்கள். மறுநாள் அகழ்வாராய்ச்சியாளர் வந்து, மிகுந்திருந்ததை மண்ணோடு மண்ணாக, கிடந்த வரிசை கலையாமல் எடுத்தனர். ஏறக்குறைய 15,000 காசுகள். அவற்றை வைத்திருந்த மரப்பெட்டி உளுத்துப் போயிருந்தும், எந்தப் பொருள் பெட்டியின் எந்தப் பாகத்தில் அடுக்கியிருந்தது என்பது வரையில் தெரிந்துவிட்டது.

அந்தப் பொருள்களில் வெள்ளியினாலான நான்கு சிமிழ்கள் இருந்தன. ஒன்று, அலங்கரித்த சீமாட்டியின் மார்பளவு உருவம். அடியில் திருகும் தட்டு ஒன்று: ஒரு நிலையில் திருகினால் உள்ளே நிரப்பலாம், இன்னொரு நிலையில் மூடிக்கொள்ளும், மற்றொரு நிலையில் பொடி உதிரும். விசித்திரமான இப்பொருள் என்ன? மிளகுச் சிமிழ்! கி. பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பூமியின் மேற்குக் கோடியிலிருந்த ஒரு பிரபுவின் மேஜைமேல் நம் மேற்குமலைச் சாரலின் மிளகு இருந்திருக்கிறது. மிளகுக்காக ரோமாபுரியின் பொன் நம் நாட்டுக்கு வந்த கதையை நெல்லூர்ப் பானை பாதியில் நிறுத்திவிட்டது; மறுபாதியை ஆங்கிலேயர் வயல் சொல்லிற்று. கண்டெடுத்தவருக்கும் நல்ல வெகுமதி கிடைத்தது. காணாமற் போன சுத்தியலும் அகப்பட்டு, இப்போது லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கிறது.

ஓர் ஈயக் குண்டின் விசாரணை

மறுபடியும் நம் கரைக்கு வருவோம். மரக்காணத்துக்குச் சற்று வடக்கே கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் நவாபின் கையிலிருந்து, 1750-இல் டூப்ளேயின் மூலம் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1760-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது. அங்கே நாணயச் சாலையும் இருந்தது. 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலை அதன் சிதைவை இன்னும் அதிகமாக்கிற்று.

இப்படிப்பட்ட கரையில் உருண்டையான ஈயத் துண்டு ஒன்று கிடைத்தால் அது என்னவாக இருக்கலாம்? வலையில் கட்டும் குண்டாக இருக்கலாம். துப்பாக்கிக் குண்டாக இருக்கலாம். தராசின் படிக்கல்லாகவும் இருக்கலாம். ஊடே துளை இருந்தாலும், கயிறு அறுத்த தடம் இருந்தாலும் வலைக் குண்டு. துளையின்றி, இரண்டு பாதியாக அச்சில் வார்த்ததன் தழும்பு நடுவே ஓடினால் துப்பாக்கிக் குண்டு. அடி தட்டையாகி, எடை ஒரு கணக்குக்குச் சரியாக வந்தால் படிக்கல். இவ்வளவும் கையில் வைத்துப் பார்த்தே சொல்லலாம். ஆனால், குண்டுகள் ஒரே வரிசையாய்க் கிடந்தனவா, சுவரை ஒட்டிக் கிடந்தனவா, எந்தப் பக்கத்திலிருந்து யார் சுட்டார்கள் என்பதைக் கையிலிருக்கும் குண்டு சொல்லாது. கிடந்த இடம்தான் சொல்லும். பொருளுக்குப் பெயர் அதன் உடம்பில் பாதி, அது கிடந்த மண்ணில் பாதி எழுதியிருக்கிறது.

இங்கே வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு விண்ணப்பம். பழங்காசு கிடைத்தவுடன் புளி போட்டுத் தேய்க்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். உப்பு மண்ணில் கிடந்த செப்புக் காசின் எழுத்தும் உருவமும் பல சமயங்களில் அதன் பச்சைப் பூச்சிலேயே தங்கியிருக்கும். புளியின் புளிப்பு அதை அரித்துவிட்டால், மிஞ்சுவது பளபளக்கும் வெறுஞ் செப்புத் துண்டு. இரும்புப் பொருளை வெயிலில் உலர்த்தினாலோ, உள்ளே ஊறிய உப்பு படிகமாகி, அப்பொருளை ஏடு ஏடாக உரித்துவிடும். உப்பை மெல்ல மெல்லக் கரைத்து நீக்குவது இரசாயன சாஸ்திரிகளின் வேலை. சென்னை மியூஸியத்தில் அதற்கென்று 1930-களிலேயே ஒரு சாலை ஏற்படுத்தினார்கள்.

சட்டமும் கடமையும்

1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் வழக்கில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரியவர் இல்லையென்று தீர்ந்தால், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்குரியவருக்குக் கால் பங்கும் என்பது விதி. ஸர்க்கார் எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். மறைத்தவருக்கோ பங்கும் போய், ஒரு வருஷம் வரையில் சிறையும் வரக்கூடும். 1958-ஆம் வருஷத்துச் சட்டம், பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதைத் தடுக்கிறது. 1972-ஆம் வருஷத்துச் சட்டம், நூறு வயது கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை விலக்குகிறது.

எல்லாம் சரி. ஆனால் முதற் சட்டத்தின் கணக்கு பத்து ரூபாயிலிருந்து ஆரம்பிக்கிறது. அரிக்கமேட்டுச் சில்லுக்குச் சந்தையில் பத்துக் காசு கொடுப்பார் உண்டா? நம் பெண்குழந்தைகள் பாண்டி ஆட எறியும் சில்லுக்கு எந்தக் கலெக்டர் ரசீது எழுதுவார்? இன்னும் எவரும் அறியாமல், எந்த அறிவிப்புப் பலகையும் இல்லாமல் கிடக்கும் மேடுகள் இக்கரையில் இருக்கக் கூடும். இறால் பண்ணைக்குக் குழி வெட்டும்போதும் மாடி வீட்டுக்குக் கடைகால் எடுக்கும்போதும் அவற்றைக் காப்பாற்றக் கூடியவர்கள் ஊராரும் வீட்டாருமே.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஏதேனும் தட்டுப்பட்டால் மண்வெட்டியை நிறுத்துவது. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்வது. எவ்வளவு ஆழம், அருகில் என்ன கிடந்தது, மண் கருப்பா வெளுப்பா என்று எழுதிக்கொள்வது. கழுவாமல், தேய்க்காமல் விட்டுவைப்பது. கிராம நிர்வாக அதிகாரிக்கோ தாசில்தாருக்கோ உடனே சொல்வது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைக் கற்பித்துவிடலாம். 2004-க்குப் பிறகு, மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், பேரலை மணலை வாரிச் சென்றபின் வெளிப்பட்ட பாறையில் எழுத்து இருந்தது. அந்த எழுத்து ஒரு கோயிலைச் சொல்லிற்று. 2005-இல் அகழ்ந்தபோது, மணலுக்குள்ளிருந்து பழைய முருகன் கோயில் எழுந்தது. இருந்த இடத்திலேயே எழுத்து இருந்தபடியால் அல்லவா கோயில் அகப்பட்டது?

கைப்பிடி உப்பை அள்ளும் உரிமைக்காக 1930-இல் ராஜாஜியின் பின்னே வேதாரணியத்துக்கு நடந்து சிறை புகுந்தவர்கள் நம்மவர்கள். உப்பின் விலை அற்பம். அதில் அடங்கியிருந்த உரிமை பெரிது என்பதை அன்று தேசம் அறிந்திருந்தது. உப்பளத்துக்கு அடியிலிருக்கும் ஓடும் அப்படித்தான். அது எந்தப் பட்டினத்தின் ஓடு, யார் வனைந்தது, யார் பெயர் அதில் இருக்கிறது என்பதை அயலார் வந்து நமக்குச் சொல்லும் காலம் போய்விட்டது. நாமே படித்துச் சொல்லலாம். அதற்கு, மரக்காணத்தில் அடுத்தபடி மண்வெட்டியில் சிக்கும் சில்லு, கிடந்த இடத்தின் குறிப்போடு நம் கைக்கு வந்து சேர வேண்டும்.